வாசியாமல் இடும் கையொப்பம்

ஸப்-ரிஜிஸ்திரார் கச்சேரியில் ஒரு காலை வேளை காத்திருந்தவர்களுக்கு இக்காட்சி பழக்கமானதே. எழுதப் படிக்க அறியாத விவசாயி ஒருவர் தம் நிலத்தை அடமானம் வைக்க வந்திருப்பார். பத்திரம் எழுதியவர் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் உரக்கப் படிப்பார். நான்கெல்லை, சர்வே நம்பர், தொகை, வட்டி, கெடு யாவும் அவர் காதில் விழும். படித்துக் காட்டக் கேட்டுச் சரியென்று ஒப்புக்கொண்டதாக எழுதிய பிறகே அவருடைய பெருவிரல் ரேகை பத்திரத்தில் பதியும். இது வெறும் சடங்கு அன்று. கையொப்பம் என்பது கையின் அசைவன்று, மனத்தின் சம்மதம் என்னும் பெரிய தர்மம் இவ்வழக்கத்தின் அடியில் இருக்கிறது.

சிறு கடனுக்கே இவ்வளவு ஜாக்கிரதை காட்டும் இவ்வுலகில், 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 21-ந் தேதி, சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள சொத்து ஒரே நாளில் கைமாறிற்று. கைமாற்றியவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர், அத்தொழிலிலேயே தேர்ந்தவர்கள். பலர் பார்த்தார்கள், பலர் கையொப்பமிட்டார்கள். ஆயினும் எதில் கையொப்பமிடுகிறோம் என்பதை அவர்களில் ஒருவரும் அறியவில்லை. இவ்விந்தை எவ்வாறு நேர்ந்தது, இதற்குப் பரிகாரம் யாது என்பதைக் குறித்தே இன்று எழுதத் துணிந்தோம்.

பேரேடும் சாவியும்

பிளாக்செயின் என்பது உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே விதமாக எழுதப்பட்டுவரும் ஒரு பொதுப் பேரேடு. 2009-ம் வருஷம் ஜனவரி 3-ந் தேதி பிட்காயின் பேரேடு தொடங்கிற்று. 2015-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி எதீரியம் பேரேடு தொடங்கிற்று. பின்னதில் பணக்கணக்கு மட்டுமன்றி, ஸ்மார்ட் காண்ட்ராக்ட் எனப்படும் ஒப்பந்தங்களும் எழுதி வைக்கப்படுகின்றன. நிபந்தனை நிறைவேறியதும் மனிதர் தலையீடின்றித் தாமே செயற்படும் ஒப்பந்தங்கள் அவை.

இப்பேரேட்டுக்குக் காஷியர் இல்லை, மானேஜர் இல்லை. கணக்குக்கு உடையவர் யார் என்று தீர்மானிப்பது ஓர் அந்தரங்கச் சாவியே. அது 256 பிட் நீளமுள்ள ஓர் எண். அதிலிருந்து பகிரங்கச் சாவியும், அதிலிருந்து கணக்கின் விலாசமும் கணித முறையால் பிறக்கின்றன. அந்தரங்கச் சாவியைக் கொண்டு ஒரு வாசகத்தின்மீது கையொப்பமிட்டால், சாவியை வெளியிடாமலே, அதை உடையவர்தாம் இட்டார் என்பதை உலகத்தார் யாவரும் சோதித்துக்கொள்ளலாம். வாசகத்தில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் செல்லாது. மை பூசிய கையெழுத்துக்கு இத்தகைய பலம் ஒருநாளும் இருந்ததில்லை.

பலம் பெரிது, ஆபத்தும் அவ்வளவு பெரிது. பாங்கி செக்கில் தவறு நேர்ந்தால் பணம் கொடாமல் நிறுத்தச் சொல்லலாம். தவறான கிரயத்தை ரத்து செய்யக் கோர்ட்டில் வழக்குப் போடலாம். இப்பேரேட்டில் எழுதியது எழுதியதே. ஆகையால் சாவியைக் காப்பதற்காக வாலட் என்னும் கருவி ஏற்பட்டது. 2,048 சொற்கள் கொண்ட ஒரு ஜாபிதாவிலிருந்து பொறுக்கிய 12 சொற்களை அது சொந்தக்காரரிடம் கொடுக்கும். கருவி உடைந்தாலும் அச்சொற்களால் சாவியை மீட்கலாம். அச்சொற்கள் பிறர் கையிற் சிக்கினால் சொத்து முழுவதும் சிக்கினாற்போலாம்.

கடையும் பெட்டகமும்

இனி, பிரௌஸரில் நாம் திறக்கும் பக்கம் இந்த வாலட்டுடன் எங்ஙனம் பேசுகிறது என்பதைப் பார்ப்போம். பக்கம் பிறர் நடத்தும் கடை. வாலட் நம் வீட்டுப் பெட்டகம். கடைக்காரர் விலை சொல்லலாம், பில் எழுதலாம். பெட்டகத்தின் சாவியை வாங்கிக்கொள்ளல் ஆகாது. இவ்விரண்டையும் பிரித்து வைத்ததே இவ்வேற்பாட்டின் உயிர்நிலை.

2016-ம் வருஷம் வெளிவந்த மெட்டாமாஸ்க் என்னும் வாலட் பிரௌஸரின் உட்கருவியாக அமைந்து, திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வாயிலை வைத்தது. பக்கம் அவ்வாயிலில் நின்று விண்ணப்பம் செய்யலாம், உள்ளே புகலாகாது. அவ்விண்ணப்பங்கள் எம்மாதிரி இருக்கவேண்டும், விடை எம்மாதிரி வரவேண்டும் என்பதை 2018-ல் வரையப்பட்ட இ.ஐ.பி. 1193 என்னும் பொதுவிதி வகுத்தது.

முதற்படி அறிமுகம். பக்கம் கணக்கின் விலாசத்தைக் கேட்கிறது. உடையவர் இசைந்தால் வாலட் அதைச் சொல்லுகிறது. 2018 வரையில் பக்கம் கேளாமலே விலாசத்தை அறிந்துகொள்ளக் கூடியதாயிருந்தது. பேரேடு பகிரங்கமானது, விலாசம் தெரிந்தால் இருப்புத் தொகையும் தெரிந்துவிடும். வாசலில் நுழையும்போதே மடியில் உள்ளதைக் கடைக்காரர் எண்ணிப் பார்ப்பது முறையன்று என்று உணர்ந்து, முன்னனுமதி கேட்கும் வழக்கத்தைப் பிறகு ஏற்படுத்தினார்கள். இவ்வறிமுகம் கையொப்பம் அன்று. இதனால் பணம் நகராது.

இரண்டாம்படி, எந்தப் பேரேடு என்று நிச்சயித்தல். எதீரியத்துக்கு 1, பாலிகனுக்கு 137 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு பேரேட்டுக்கென்று இட்ட கையொப்பத்தை மற்றொன்றில் கொண்டுபோய்ச் செலுத்தாதபடி, இவ்வெண்ணைக் கையொப்பத்துக்குள்ளேயே சேர்க்கும் முறையை 2016-ல் இ.ஐ.பி. 155 விதித்தது.

மூன்றாம்படியே பிரதானம். யாருக்கு, எவ்வளவு, என்ன கட்டளை என்பவற்றைப் பக்கம் ஒரு நகலாக எழுதி நீட்டுகிறது. வாலட் தன் சொந்த ஜன்னலைத் திறந்து அதை உடையவருக்குக் காட்டுகிறது. அவர் இசையலாம், மறுக்கலாம். மறுத்தால் 4001 என்னும் குறியீடு பக்கத்துக்குப் போய்ச் சேரும். மறுக்கும் உரிமையை விதியிலேயே எண்ணிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

நான்காம்படி, இசைந்தபின் கையொப்பமிட்ட கட்டளை பேரேட்டுக்குப் போகிறது. பக்கத்துக்கு ஓர் அடையாள எண் திரும்புகிறது. அவ்வெண் தபால் ரசீதைப் போன்றது. கடிதம் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி அன்று. கட்டளை பேரேட்டில் ஏறி, தோல்வியின்றி நிறைவேறிற்று என்று கண்ட பிறகே காரியம் முடிந்ததாகக் கொள்ளவேண்டும். இவ்விரண்டுக்கும் வித்தியாசம் அறியாத பக்கங்கள், வராத பணத்தை வந்ததாகக் கணக்கெழுதி அவதியுறும்.

பிரௌஸர் ஓரிடத்திலும் வாலட் மற்றோரிடத்திலும் இருப்பவர்களுக்காக 2018-ல் வாலட் கனெக்ட் என்னும் முறை பிறந்தது. பக்கம் ஒரு க்யூ.ஆர். சதுரத்தைக் காட்டும், கைத்தொலைபேசி அதைப் படிக்கும், பிறகு இரண்டும் நடுவிலுள்ளவருக்கு விளங்காத மறைமொழியில் செய்தி மாற்றிக்கொள்ளும். ஒரே பிரௌஸரில் பல வாலட்டுகள் குடியேறி, ஒரே வாயிலுக்குச் சண்டையிட்டுக்கொண்டதால், ஒவ்வொன்றும் தன் பெயரைத் தனித்தனியே அறிவிக்கும்படி 2023-ல் இ.ஐ.பி. 6963 ஏற்பட்டது.

குருட்டுக் கையொப்பம்

இவ்வளவு ஏற்பாடும் சாவி பெட்டகத்தை விட்டு வெளியேறலாகாது என்பதற்காகவே. அந்நோக்கம் பெரும்பாலும் நிறைவேறியது. ஆனால் சாவியைத் திருட வேண்டிய அவசியமே இல்லை, சாவிக்குடையவரைக் கொண்டே பெட்டகத்தைத் திறக்கச் செய்யலாம் என்பதைத் திருடர்கள் கண்டுகொண்டனர்.

மூன்றாம்படியில், பக்கம் நீட்டும் நகலில் 'கட்டளை' என்னும் ஒரு பகுதி இருப்பதாகச் சொன்னோம். அது மனிதர் படிக்கும் மொழியில் எழுதப்படுவதன்று. எண்களும் எழுத்துக்களும் கலந்த நீண்ட சரம் அது. அதன் முதல் நான்கு பைட் இன்ன செயல் என்பதைக் குறிக்கும், மீதி விவரம். வாலட்டுக்கு அது விளங்கினால் விளக்கிச் சொல்லும். விளங்காவிட்டால் அச்சரத்தையே காட்டி, 'சம்மதமா?' என்று கேட்கும். இதற்கு இத்தொழிலாளர்களே இட்ட பெயர் குருட்டுக் கையொப்பம். இதைவிடப் பொருத்தமான பெயரை நாமும் தேட முடியாது.

இதன் விபரீதத்துக்கு ஓர் உதாரணம். எதீரியத்தில் டோக்கன் நாணயங்களுக்கு 2015-ல் வகுக்கப்பட்ட பொதுவிதியில், 'என் நாணயங்களை இன்னார் இவ்வளவு வரையில் எடுத்துக்கொள்ளலாம்' என்று அனுமதி கொடுக்கும் ஒரு செயல் உண்டு. சட்ட பாஷையில் இது ஒரு முக்தியார் பத்திரம். ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பது தொந்தரவு என்று கருதிப் பல பக்கங்கள் வரம்பற்ற தொகைக்கே இவ்வனுமதியைக் கேட்டு வந்தன. பத்து ரூபாய் வியாபாரத்துக்கு ஆயுட்காலப் பொது முக்தியார் எழுதி வாங்குவதை எந்த வக்கீல் சகிப்பார்? இ.ஐ.பி. 2612 என்னும் பிற்காலத்து விதியின்படி, பேரேட்டுக்குப் போகாத, கட்டணமில்லாத வெறுங்கையொப்பத்தினாலேயே இவ்வனுமதியை அளிக்கலாம். கட்டணம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லையென்று நினைத்து ஏமாந்தவர் பலர்.

நான்கு பாடங்கள்

2021-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி பாட்ஜர் டாவோ என்னும் ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள் சுமார் 12 கோடி டாலரை இழந்தனர். அவர்களுடைய ஒப்பந்தங்களில் பிழை இல்லை. அவர்கள் திறந்த பக்கத்தினுள் திருடர்கள் சில வரிகளை நுழைத்திருந்தனர். வழக்கமான வேலைக்கிடையே ஓர் அனுமதி விண்ணப்பம் அதிகமாக எழுந்தது. பழகிய பக்கமென்று நம்பியவர்கள் அதை அழுத்தினார்கள்.

2023-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி, பக்கங்களை வாலட்டுகளுடன் இணைப்பதற்கென்றே லெட்ஜர் கம்பெனி வெளியிட்டிருந்த கனெக்ட் கிட் என்னும் இணைப்புக் கருவியே விஷமாயிற்று. அக்கம்பெனியின் முன்னாள் ஊழியர் ஒருவர் மோசடிச் செய்தியில் சிக்க, அவர் அநுமதியைக் கொண்டு பொய்ப் பதிப்புகளை வெளியிட்டனர். அக்கருவியின் புதிய பதிப்பைத் தாமாகவே எடுத்துக்கொள்ளும்படி அமைந்திருந்த பக்கங்கள் பலவும் அறியாமலே கள்ளனுக்கு வாசல் திறந்தன. சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நிறுத்தியபடியால் நஷ்டம் சுமார் 6 லட்சம் டாலரோடு நின்றது.

2024-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி நம் தேசத்து வாஸிர்எக்ஸ் பரிவர்த்தனை ஸ்தாபனம் சுமார் 23 கோடி டாலரை இழந்தது. பலர் சேர்ந்து கையொப்பமிட்டாலன்றித் திறக்காத பெட்டகம் அது. திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையொப்பமானது வேறொன்று என்று அந்த ஸ்தாபனத்தார் சொன்னார்கள். பெட்டகத்தைப் பராமரித்துவந்த கம்பெனியோ தங்கள் பக்கம் குற்றமில்லை என்றது. தப்பு யாருடையதாயினும், நம் தேசத்தில் சிறுகச் சிறுகச் சேமித்துப் போட்டவர்கள், தங்கள் கிரிப்டோ நாணயங்களை மீட்டெடுக்க இயலாமல் ஒரு வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்தார்கள். இக்களவு வட கொரியாவைச் சேர்ந்தோர் செயலென்று அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா ஆகிய மூன்று சர்க்கார்களும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன.

கடைசியாக, முதலில் குறிப்பிட்ட பிப்ரவரி 21-ந் தேதிச் சம்பவம். பைபிட் என்னும் ஸ்தாபனம் தன் சேமிப்புப் பெட்டகத்திலிருந்து செலவுப் பெட்டகத்துக்கு வழக்கம்போல் ஒரு தொகையை மாற்ற முற்பட்டது. அதற்காக அவர்கள் உபயோகித்த ஸேஃப் என்னும் பக்கத்தின் ஜாவாஸ்க்ரிப்ட் நிரலைத் திருடர்கள் முன்கூட்டியே மாற்றியிருந்தார்கள். பிறர் திறந்தால் அப்பக்கம் ஒழுங்காக நடக்கும். பைபிட்டார் திறந்தால் மட்டும் பொய் பேசும். கையொப்பமிட்டவர்களில் அந்த ஸ்தாபனத்தின் தலைவரும் ஒருவர். திரை, 'தொகை மாற்றம்' என்று காட்டிற்று. கையொப்பமானதோ பெட்டகத்தின் பூட்டையே மாற்றும் கட்டளை. சாவி வைத்திருந்த தனிக் கருவிகளில் முழு விவரம் படிக்கும்படியாகத் தெரியவில்லை. செலவுச் சீட்டென்று நம்பிக் கஜானாவையே எழுதிக் கொடுத்தார்கள். இதையும் வட கொரியாவின் வேலை என்று அமெரிக்கத் துப்பறியும் இலாகாவாகிய எப்.பி.ஐ. அறிவித்தது.

இந்நான்கிலும் எவருடைய சாவியும் களவு போகவில்லை. கையொப்பங்கள் யாவும் கணிதப்படி உண்மையானவை. சம்மதம் மட்டுமே பொய்.

சட்டம் சொல்வது

படியாமல் இட்ட கையொப்பத்தைக் குறித்து நியாயஸ்தலங்கள் நானூறு வருஷங்களுக்கு மேலாகவே ஆலோசித்து வந்திருக்கின்றன. இங்கிலாந்தில் தீர்ப்பான தாரோகுட் வழக்கில், எழுத்தறியாதவருக்குப் பத்திரத்தைப் பொய்யாகப் படித்துக் காட்டி வாங்கிய ஒப்புதல் செல்லாதென்று கொண்டார்கள். 1869-ல் பாஸ்டர் - மாக்கினன் வழக்கில், பார்வை மங்கிய முதியவர் ஒருவரிடம் ஜாமீன் பத்திரம் என்று சொல்லி ஓர் உண்டியலின் பின்புறத்தில் கையொப்பம் வாங்கியிருந்தார்கள். கையோடு மனமும் சென்றாலன்றி அது கையொப்பமாகாது என்பதே கோர்ட்டாரின் கருத்து. ஆனால் அஜாக்கிரதையாக இட்டவருக்கு இச்சலுகை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். நம் தேசத்தின் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 13-வது பிரிவில், இருவரும் ஒரே விஷயத்தை ஒரே பொருளில் ஒப்புவதே சம்மதம் என்று வரையறுத்திருக்கிறது. கோஷா ஸ்திரீகளிடம் எழுதி வாங்கிய பத்திரத்தை நிலைநாட்ட விரும்புவோர், அதன் பொருளை அவர்களுக்கு விளங்கச் சொன்னதைத் தாமே ருஜுப்படுத்த வேண்டும் என்பதும் பழைய தீர்ப்புகள் கண்ட நியாயம்.

ஆனால் பேரேட்டுக்கு இச்சட்டங்கள் தெரியா. திருடர் கடல் கடந்த தேசத்தில், பெயரின்றி இருக்கிறார். டிக்ரி பெற்றாலும் அதை நிறைவேற்ற அமீனாவை எங்கே அனுப்புவது? ஆகையால் கையொப்பத்துக்குப் பின் கிடைக்கக்கூடிய பரிகாரம் சொற்பம். கையொப்பத்துக்கு முன்பே காப்பு அமைய வேண்டும். கோர்ட்டுகள் கண்ட நியாயத்தை இனிக் கருவியைக் கட்டுகிறவர்கள் தங்கள் கருவியிலேயே வைத்துக் கட்ட வேண்டும்.

செய்ய வேண்டுவன

'தெரியாதவன் இதில் இறங்குவானேன்?' என்று கேட்போர் சிலர் உளர். தெரிந்தவர்களே கெட்டதை மேலே கண்டோம், அவ்வாதம் நிற்காது. 'இத்தொழிலே சூது, ஒழியட்டும்' என்பார் வேறு சிலர். நாணயத்தின் விலை ஏற்றத்தில் சூதாடுவோருக்கு நாம் பரிந்து பேசவில்லை. ஆனால் இன்று நாணயத்துக்கு வந்த இக்கையொப்ப முறை நாளை நிலத்துக்கும் சான்றிதழுக்கும் வரக்கூடும். அன்று விழித்துக்கொள்வதைவிட இன்று விழித்தல் நன்று.

பக்கங்களைக் கட்டும் வாலிபர்களுக்கு நாம் சொல்வது இது. வாசலிலேயே வாலட்டைக் கேளாதீர். வேலை வரும்போது கேளுங்கள். எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கே அனுமதி கேளுங்கள். பிறர் எழுதிய கருவியை உபயோகித்தால் இன்ன பதிப்பு என்று நிலைநிறுத்திச் சோதித்து வைத்துக்கொள்ளுங்கள். தானாக மாறும்படி விடாதீர். இ.ஐ.பி. 712 என்னும் விதி, கையொப்பமிட வேண்டிய விஷயத்தைப் பெயரும் தொகையும் தெரியும்படி வகுத்துக் காட்ட வழி செய்தது. 2021-ல் வந்த இ.ஐ.பி. 4361, உள்நுழைவுக்குரிய கையொப்பத்தை, எந்த ஸ்தலத்துக்காக எந்த நேரத்தில் என்னும் விவரங்களுடன் வாசிக்கத்தக்க கடிதமாகவே அமைத்தது. ஒவ்வொரு ஒப்பந்தத்தின் கட்டளையையும் மனிதர் மொழியில் வாலட் விளக்குவதற்கு 2024-ல் இ.ஆர்.ஸி. 7730 என்னும் யோசனை வந்தது. வழி இருக்கிறது, மனம் வேண்டும். அவ்விளக்கம் இங்கிலீஷில் மட்டுமன்றி உடையவரின் தாய்மொழியிலும் இருக்க வேண்டும். தமிழரிடம் கையொப்பம் வாங்குகிறவர் தமிழில் படித்துக் காட்டட்டும்.

உபயோகிப்போருக்கு: 12 சொற்களை எந்தப் பக்கத்திலும் எழுதாதீர், எந்த நேர்மையான பக்கமும் அவற்றைக் கேளாது. பெருந்தொகைக்கு ஒரு வாலட், அன்றாடச் செலவுக்கு வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு கொடுத்த அனுமதிகளை அவ்வப்போது பார்வையிட்டு ரத்து செய்யுங்கள். பிரௌஸரின் திரையை நம்பாமல், சாவி வைத்த தனிக் கருவியின் திரையில் விலாசமும் தொகையும் செயலும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். விளங்காவிட்டால் மறுத்துவிடுங்கள். அவசரப்படுத்துகிறவர் எவராயினும் அவரிடம் சந்தேகம் கொள்ளுங்கள்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2022-ம் வருஷத்துப் பைனான்ஸ் சட்டம் இவ்வகைச் சொத்தின் லாபத்தில் நூற்றுக்கு 30 வீதம் வரி விதித்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் நூற்றுக்கு ஒன்று பிடித்துக்கொள்ளவும் ஏற்பாடு செய்தது. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதே கணித முறையைச் சேர்ந்த டிஜிடல் கையொப்பத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. வரி வாங்க அறிந்தவர்கள், பொதுஜனங்களின் பணத்தை வைத்து நடத்தும் ஸ்தாபனங்கள் எதையும் குருட்டுக் கையொப்பத்தால் நகர்த்தலாகாது என்று கண்டிப்பாக விதித்தல் நியாயமே.

ஸப்-ரிஜிஸ்திரார் கச்சேரியில் நின்ற அந்த விவசாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆயினும் எதற்குச் சம்மதித்தோம் என்பது தெரியும். இன்று பிரௌஸருக்கு முன் அமர்ந்திருப்பவருக்கு எழுத்துத் தெரியும். எதற்குச் சம்மதித்தார் என்பதுதான் தெரிவதில்லை. படித்துக் காட்டச் சொல்லும் உரிமையை அவ்விவசாயி விட்டுக்கொடுக்கவில்லை. நாமும் விட்டுக்கொடுக்க வேண்டா.